கந்தோர் நாவலின் கட்சிக்காரருக்கு

பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் ஒருவர் சுருட்டைப் பற்றவைத்தார். அந்தப் புகை மூக்கில் ஏறியதும், ஐசே, உம்மோடு சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது. செத்துப்போனவரோடு என்ன சண்டை என்று கேட்காதேயும். என் கோபம் சுடலையோடு திரும்பிப் போகிற கோபமில்லை.

திருநெல்வேலி வாசகர் வட்டத்தில் அந்த இரண்டு நாவல்களுக்காக நாம் நடத்திய போருக்கு முன்னால் குருசேத்திரம் பிச்சை எடுக்க வேண்டும். நான் கொழும்புத்துறையான், கடல் நாவல் என் கட்சி. அதில் முதல் அத்தியாயத்திலேயே நங்கூரக் கயிறு அறும். வீட்டு நாய் சோறு தின்னாது. வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கடலோடு போகும் நேரத்தில் வாசகன் அழுவதற்கு ஆயத்தமாக இருப்பான். கரவெட்டிக்காரரான உமக்கோ அந்தக் கந்தோர் நாவல். அதில் ஒரு அலுவலகக் கிளாக்கர் தானே கதை சொல்வார். பின்னேரம் தோறும் மனைவிக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்து அவளோடு கதைப்பார். கதை தொடங்கும் முன்பே அவள் செத்துப்போனவள் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும்.

"இது உத்தியே காணும்? பச்சைக் களவு! வாசகனுக்கு ஒரு சாடையாவது காட்ட வேணும்" என்று முழங்குவேன். என் குரலுக்கு வீதியில் பஸ்கள் தரிப்பிடம் இல்லாத இடத்திலும் நின்றதுண்டு. நீரோ சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொல்வீர்: "சாவென்ன, உம்மடை நாயிட்டைச் சொல்லிப்போட்டே வரும்? ஒளிச்சவனிட்டைத்தான் ஐசே நாங்கள் திரும்பிப் போறம். உம்மடை கடல் நாவலை ஆர் ரெண்டாந்தரம் வாசிச்சது?"

அப்படிப்பட்ட நீர் மாசி மாதக் கூட்டத்தில், கதிரையில் இருந்தபடியே, "இவர் சொல்லுறதுதான் சரி. வாசகனைத் திடுக்கிடப் பண்ணக்கூடாது. கடல் நாவல்தான் நியாயமான நாவல்" என்றீர். சபை கைதட்டியது. வீடு வரும்வரை என் தங்கையின் மகள் நையாண்டி பண்ணிக்கொண்டே வந்தாள்: "வெண்டிட்டியள் மாமா, பிறகேன் தோத்த மூஞ்சை?"

அடுத்த கூட்டத்துக்கு முன் உம்முடைய செத்தவீடு. உமது மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர் எப்பவோ சொல்லிப்போட்டார் மாமா. உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டாமெண்டு அப்பா சத்தியம் வாங்கினவர்" என்றான்.

துரோகி! சபையில் என் கட்சிக்கு மாறினீர். வீட்டில் உம்முடைய நாவலையே என்மேல் எழுதி முடித்தீர். இப்போது அந்தக் கடைசி மாதங்களை நான் இரண்டாந்தரம் வாசிக்கிறேன். எப்போதும் எழும்பி நின்று பேசுகிறவர் கதிரையில் இருந்தபடி பேசியது. வடையை என் பக்கம் தள்ளியது. சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தது. எல்லாம் எழுதித்தான் இருந்திருக்கிறது. சாடை பிடிப்பதில் சக்கரவர்த்தியான நான் ஒரு வரியையும் வாசிக்கவில்லை.

போன கூட்டத்தில் வன்மம் தீரக் கந்தோர் நாவலைக் கிழித்தேன். கள்ளக் கிளாக்கர், நம்பினவனைக் கழுத்தறுத்தவன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுத்துப் பேச ஒருவரும் எழும்பவில்லை. பொறுக்க முடியவில்லை ஐசே. இருந்த கதிரை சூடாகுமுன் நானே மறுபடி எழும்பி, "நண்பர் இப்ப சொன்னது சுத்தப் பிழை" என்று தொடங்கினேன்.