புல் சாய்ந்த பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

ஜிம்மில் புதிதாகப் போட்ட பச்சைப் புல் விரிப்பைப் பெருக்கும்போது ஒன்று கவனித்தேன். அந்தப் பிளாஸ்டிக் புல் நேராக நிற்கவில்லை. எல்லாமே வாசல் பக்கம் சாய்ந்திருக்கிறது. வாசலை நோக்கிப் பெருக்கினால் துடைப்பம் வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்ச்சுவர்க் கண்ணாடியை நோக்கிப் பெருக்கினால் பிடித்து இழுக்கிறது. வேலை முடிந்ததும், இரும்புத் தட்டுகளை ஏற்றித் தரையோடு தள்ளும் எடை வண்டியை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். அதே கதைதான்.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே நான் யாரிடம் என்ன பேசியிருக்கிறேன்?

மார்ச் 7, வெள்ளி

நாளைக்குத் தேர்வு. கொஞ்சம் ஓடி, எடை வண்டி தள்ளி, மறுபடி ஓடி, இழுத்து, தூக்கி என்று மாறி மாறி வரும் பந்தயம். எங்கள் ஜிம்மிலிருந்து ஒரு பெண்ணைத்தான் மாஸ்டர் அனுப்புவார். அண்ணியா, பேங்க்கில் வேலை பார்க்கும் அக்காவா? ஓட்டத்தில் இருவரும் சமம். வண்டிதான் முடிவு செய்யும்.

சாப்பிடும்போது அண்ணன், "வீட்டு பீரோவை நகர்த்தச் சொன்னா இடுப்பு வலி. அங்க போய் இரும்பைத் தள்றா" என்றான்.

"பீரோவைத் தள்ளினா மெடல் தருவீங்களா?" என்றார் அண்ணி.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த என்னை இழுத்துப்போய் இந்த வேலையில் சேர்த்துவிட்டது அண்ணிதான். அவர் ஜெயிக்க வேண்டும்.

மார்ச் 8, சனி

வண்டி கண்ணாடி ஓரம் நின்றது. "யார் முதல்ல?" என்றார் மாஸ்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி போகட்டும்."

சொன்னது நான்தான். எல்லாரும் திரும்பினார்கள். "அட, இதுக்குப் பேச்சு வருமா!" என்று மாஸ்டர் சிரித்தார்.

அண்ணி வாசல்வரை தள்ளினார். வண்டி நின்ற இடத்திலிருந்து பேங்க் அக்கா கண்ணாடிவரை தள்ளினார். பாதியில் முழங்கால் தரையில் குத்திவிட்டது.

பந்தயத்துக்கு அண்ணி போகிறார்.

மார்ச் 9, ஞாயிறு

பொய் சொல்லவில்லையே. அப்புறம் ஏன் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 13, வியாழன்

பேங்க் அக்கா ஆபீஸ் முடிந்ததும் நேரே வந்துவிடுகிறார். பையை வாசல் ஓரம் வைத்துவிட்டு அங்கிருந்தே தள்ளுகிறார். தட்டுமேல் தட்டு ஏற்றுகிறார். இன்று முழங்காலில் பட்டை.

"என் கால்ல சத்தே இல்ல பாரு. உங்க அண்ணிக்கு மட்டும் எப்படி வெண்ணெய் மாதிரி போகுது? கேட்டுச் சொல்லேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். சீ!

மார்ச் 17, திங்கள்

இந்த மாதத்தோடு நின்றுவிடுகிறாராம். "எனக்கு இது ஒத்து வராது மாஸ்டர்" என்று பேங்க் அக்கா சொன்னது காதில் விழுந்தது. இல்லாத குறைக்காக முழங்காலையே கெடுத்துக்கொண்டவர். நான் கெடுத்தது.

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஈரச் சட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"அப்போ நான் ஜெயிக்கலையா?"

"தெரியல அண்ணி. உங்களுக்காகத்தான்—"

"என்னால முடியாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

ஐயோ. அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. நல்லது செய்கிறேன் என்றுதானே நினைத்தேன்? ஆனால் உள்ளுக்குள் அதைத்தான் நினைத்திருக்கிறேனோ?

மார்ச் 18, செவ்வாய்

மாஸ்டரிடம் சொல்லப் போனேன். குனிந்து விரிப்பை இரண்டு பக்கமும் தடவிக் காட்டினேன். அவரும் தடவினார். அப்புறம்தான், தேர்வு அன்றைக்கே எனக்கு இது தெரியும் என்று சொன்னேன்.

"அடிப்பாவி" என்றார்.

மாலையில் மறுபடியும் தேர்வு. இரண்டு பேரும் கண்ணாடி ஓரத்திலிருந்து. பேங்க் அக்கா ஜெயித்தார், ஒரு மூச்சு வித்தியாசத்தில். அண்ணி அவர் கையைக் குலுக்கினார். இருவருமே என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அண்ணி என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணனிடம் சொல்லி என்னிடம் கேட்கிறார். "நான் என்ன தபால்காரனா?" என்கிறான்.

மார்ச் 30, ஞாயிறு

இன்று பந்தயம். மாஸ்டர், பேங்க் அக்கா, மற்றவர்கள் எல்லாரும் அங்கே. ஜிம் காலி. பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணி வந்தார். வண்டியை வாசல் ஓரத்துக்கு இழுத்துப்போய் வைத்தார். இருந்த தட்டுகளையெல்லாம் அடுக்கினார். கண்ணாடியை நோக்கி ஒருமுறை தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து, இன்னும் தட்டு இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"உன் வெயிட் எவ்வளவு?"

சொன்னேன்.

"பார்த்தா தெரியல. சரி, ஏறி உட்காரு."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.