அறை கட்ட முந்தியே அடிக்கத் தொடங்கியது

என் யோகத்துக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் இருக்க மறுக்கின்றன. ‘ழ’ ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. ‘கு’ எழுதினால் அதன் வால் கீழ் வரிக்குப் போய் அங்கே நிற்கும் எழுத்தை இடிக்கிறது. அந்த நாளில் வந்த கடிதங்களை எல்லாம் நீர்தான் வாசித்துக் காட்டினீர். இப்போது நான் எழுதுகிறேன், நீர் வாசிக்க வேண்டும். சிரிக்கிறீர் என்று தெரியும். சிரியும்.

பலெர்மோவில் நம்முடைய பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அறுபத்தெட்டு வயதில் அங்கே கடைசி வாங்கில் இருந்து படித்தேன். பக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டை ஒருத்தி, “நொன்னோ, உங்கட ‘ஞ’ புருத்தா” என்கிறாள். நொன்னோ என்றால் தாத்தா, புருத்தா என்றால் அசிங்கமாம். அவளுக்குத் தமிழும் பாதி, இத்தாலியனும் பாதி, வாய் மட்டும் முழுசு. ஆனாலும் யோகம், எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும். மருந்துப் போத்தல், அரிசிப் பை, செத்தவீட்டு அறிவித்தல், எதைக் கண்டாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்கிறேன். மகள் தர்சினிக்கு என்னோடு கடைக்குப் போவதே தொல்லை.

யாருக்காவது ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரும்படி ரீச்சர் சொன்னார். அவருக்குக் காலநிலை பற்றி ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையான கடிதம் இதுதான். இதை அவருக்குக் காட்ட முடியாது. நம் தர்சினி பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள். மூன்று மாதம் முடியாமல் வெளியில் மூச்சு விடக்கூடாது என்பது வீட்டுக் கட்டளை. போன வருடமும் ஒன்று வந்து தங்காமல் போனது. அதை உமக்குச் சொல்ல அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது.

இப்போது என் எரிச்சலைக் கேளும். உம்மிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

முதல் ஸ்கானுக்கு நான்தான் மகளோடு போனேன். மருமகன் ரமணனுக்கு பீட்சாக் கடையில் லீவு இல்லை. பதிகிற மேசையில் இருந்த பெண், கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு விளங்கும் அளவுக்கு இத்தாலியன் தெரியும் என்பதே பெரிய தொல்லை. நான் முகட்டைப் பார்த்தேன். தர்சினி கைபேசியில் தமிழ்க் கலண்டரைத் திறந்து, புரட்டாசி முதலாம் சனிக்கிழமையைத் தேடி எடுத்து அந்தத் திகதியைச் சொன்னாள். அன்றைக்குக் கோயிலுக்கு எள்ளெண்ணெய் எரிக்கப் போகாமல் விட்டது அவளுக்கு நினைவில் இருந்தது. நம்முடைய பெண்கள் இப்படித்தானே கணக்கு வைப்பார்கள், எந்த விசேஷத்துக்குப் போகவில்லை என்பதை வைத்து.

உள்ளே போனவள் வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

“பை மட்டும் இருக்காம் அப்பா. உள்ளுக்கை இதயம் தெரியேல்லையாம்.”

“தெரியேல்லையெண்டா?”

“நான் சொன்ன திகதிக்கு இப்ப துடிக்க வேணுமாம். பத்து நாளாலை திரும்பப் பார்ப்பினமாம். கனக்க நம்பவேண்டாமெண்டு தொத்தொரெஸ்ஸா சொன்னா.”

தொத்தொரெஸ்ஸா என்றால் பெண் டொக்டர். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்கென்று குடித்துக்கொண்டிருந்த சத்துக் குளிசையை அலுமாரியின் மேல்தட்டில் எறிந்தாள். “இனி எதுக்கு?” என்றாள். அடுத்த நாளே வேலைக்குப் போனாள். லிபெர்த்தா வீதியில் ஒரு கிழட்டுச் சின்யோராவைப் பார்க்கிற வேலை. அந்த மனுசி இரண்டு நெல் மூட்டைப் பாரம். அவவைக் குளிப்பாட்டத் தூக்கி இறக்குவது தர்சினி. ரமணன், வேண்டாம் என்றான். “இல்லாத ஒண்டுக்கு ஏன் பயப்பிடுறியள்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. ஏதாவது வாசிக்கலாம் என்று தேடியபோது தாய்மை பற்றிய ஒரு மெல்லிய புத்தகம் கையில் பட்டது. போன முறை ரமணனின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியது. இதயம் பற்றி அதில் ஒரு படமும் இரண்டு பக்கமும் இருந்தன. முதல் பக்கத்தை வாசிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. எழுதியவர் மனிதருக்கு எழுதவில்லை. ‘முளையம்’ என்கிறார், ‘மென்சவ்வு’ என்கிறார், ஒவ்வொரு சொல்லும் நம் ஊர் ஒழுங்கையின் நீளம்.

ஆனால் அந்த இதயம் செய்கிற வேலையைப் பாரும். முதலில் அது நெஞ்சில் இல்லையாம். தலைக்கும் மேலே இருக்கிறதாம். பிறகு முளையம் குனிந்து மடங்கும்போது கீழே இறங்கி நெஞ்சுக்கு வருகிறதாம். அதுவும் ஒன்றாக இல்லை, இரண்டு மெல்லிய குழாய். இரண்டும் நடுவில் வந்து ஒட்டி ஒரு குழாயாகின்றன. ஒட்டியதுதான் தாமதம், துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அறை இல்லை, கதவு இல்லை, சுவர் இல்லை. வெறுங்குழாய் நின்று துடிக்கிறது. துடித்துக்கொண்டே நீளுகிறது. இடம் போதாமல் வலது பக்கமாக வளைகிறது. அறைகள் அதற்குப் பிறகுதானாம்.

யாராவது இப்படி வேலை செய்வார்களா? கூரை போட முந்திக் குடிபுகுந்ததற்கு நீர் ஒரு மாரி முழுக்க எனக்கு முகம் தரவில்லை. இங்கே ஒருத்தன் சுவரே இல்லாமல் குடிவந்து வேலையும் தொடங்கிவிட்டான், அவனை யார் கேட்டார்கள்? இந்த அவசரம் யாருடைய பக்கத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து ஐந்து, ஆறு கிழமையில் அது துடிக்கத் தொடங்கும், அதற்கு முதல் தேடினால் தெரியாது என்று எழுதியிருந்தது. நான் விரலை மடித்துச் சனிக்கிழமைகளை எண்ணினேன். யோகம், தர்சினி சொன்ன சனி பிழை.

புரட்டாசியில் அவள் இரண்டு சனி கோயிலுக்கு வரவில்லை. முதலாம் சனி சின்யோராவுக்குக் காய்ச்சல், அதனால் அங்கேயே நின்றுவிட்டாள். ஆனால் அன்று விடியவே குளித்து, வீட்டுச் சாமித்தட்டில் தன் கையாலேயே விளக்கேற்றிவிட்டுத்தான் போனாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் சனிதான் விளக்கை என்னை ஏற்றச் சொன்னாள். திரி கட்டையாக இருந்து என் பெருவிரலைச் சுட்டது. அடுத்த நாள் பள்ளியில் பென்சில் பிடிக்க முடியாமல் இருந்தேன். மூன்றாம் சனிக்குரியதை அவள் முதலாம் சனியில் போட்டுவிட்டாள். அப்படியானால் இதயம் இல்லை என்று யார் சொன்னது? அதற்கு நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, இதை யார் அவளிடம் சொல்வது? நீர் உயிரோடு இருந்தால் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி ஒரு வசனத்தில் முடித்திருப்பீர். தகப்பன் எப்படி மகளிடம் போய், உனக்கு எந்தக் கிழமை வந்தது என்று எனக்குத் தெரியும் என்பான்? அயலில் ஒரு பெண்ணிடம் சொல்லிச் சொல்விக்கலாம் என்றால், மூன்று மாதக் கட்டளை. இன்னொரு பயமும் இருந்தது. நான் சொல்லி, அவள் நம்பி, பத்தாம் நாள் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்றால்? ஒரே பிள்ளையை அவளுக்கு இரண்டு தரம் சாகக் கொடுத்தவன் நானாவேன். அதனால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் சின்யோராவைத் தூக்கினாள்.

ஞாயிறு மத்தியானம் ரமணன் வேலைக்கு வெளிக்கிடும்போது அவனைப் பிடித்தேன்.

“தம்பி, புரட்டாசி மூண்டாம் சனி வீட்டிலை விளக்கு ஏத்தினது ஆர்?”

“நீங்கள்தான் மாமா. விரலைச் சுட்டுப்போட்டு ரெண்டு நாள் புலம்பினியள்.”

“நான் ஏன் ஏத்தினனான்?”

“உங்களுக்குப் பக்தி கூடத்தானே.”

“முதலாம் சனி ஆர் ஏத்தினது?”

“எனக்கெங்கை தெரியும்? நான் நித்திரை.”

“தர்சி ஏத்தினவள். குளிச்சு, தன்ரை கையாலை.”

“சரி மாமா. இப்ப என்ன, எண்ணெய் முடிஞ்சுதோ? வரேக்கை வாங்கியாறன்.”

இவனைப் பெற்றவர்கள் இவனுக்கு என்ன தின்னக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

“எண்ணெய் கிடக்கு, தம்பி. கலியாணம் கட்டின மனுசன்தானே நீர்? வீட்டிலை பொம்பிளை இருக்க ஆம்பிளை எப்ப விளக்கேத்திறவன்? அதை ஒருக்கால் யோசியும்.”

அவன் சப்பாத்துக் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்க முந்தி அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. தர்சினி கதவடியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் சாமித்தட்டைப் பார்த்தேன். அவள் ரமணனிடம் சொன்னாள்.

“முதலாம் சனி நான் சின்யோரா வீட்டிலை.”

“அதுக்கு?”

“ஐயோ, மனுசா. விளக்கேத்திப்போட்டுப் போனனான்.”

“அதைத்தானே மாமாவும் சொல்லுறார்,” என்றான் ரமணன். அதன் பிறகுதான் அவனுடைய வாய் திறந்தபடி நின்றது.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதிரை இழுபடும் சத்தம், பிறகு அலுமாரியின் மேல்தட்டில் கை துழாவும் சத்தம். குளிசை மட்டையை உடைப்பது கேட்டது. அன்று பின்னேரம் சின்யோராவின் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, இடுப்பு நோகிறது, தூக்க ஆளை வையுங்கோ என்றாள். என்னோடு மட்டும் மூன்று நாள் கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைக்கும்போது சுவரைப் பார்த்தாள். நானும் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டேன். வெட்கம் பிடித்த குடும்பம். நல்ல செய்தியைச் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

அந்த நாள்களில் எனக்கு ஒரு வரிகூட வாசிக்க ஓடவில்லை. புத்தகத்தை எடுப்பேன், வைப்பேன். கணக்குச் சரி என்பதால் இதயம் வரும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? போன வருடமும் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாம் ஸ்கானுக்கு மூன்று பேரும் போனோம். ரமணன் வேலை உடுப்புக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்தான். அவர்கள் உள்ளே போக, நான் வெளியே கதிரையில் இருந்தேன். சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிக்கப் பார்த்தேன், இத்தாலியன். ஒரு எழுத்தும் உதவிக்கு வரவில்லை. உள்ளே யாரும் கதைக்கிற சத்தமும் இல்லை. சத்தமில்லாமல் இருந்தால் என்ன அர்த்தம், யோகம்? போன முறையும் சத்தமில்லை.

அதன் பிறகு கதவு திறந்தது. தொத்தொரெஸ்ஸா தலையை நீட்டி, “நொன்னோ,” என்று கையால் கூப்பிட்டார். மகள் படுத்திருக்கும் அறைக்குள் நான் எப்படிப் போவேன்? திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். அவர் விளங்கிக்கொண்டு, ஸ்கான் இயந்திரத்தின் திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பயற்றம்விதை. அதன் நடுவில் ஏதோ சிமிட்டியது. நிற்காமல் சிமிட்டியது. அவ்வளவு அவசரம்.

“குவோரே,” என்றார். இதயம். திகதிதான் பிழை, பிள்ளை இரண்டு கிழமை இளசு என்று சொன்னார். திகதி எப்படிப் பிழையானது என்று கேட்டார். சீலைக்கு அந்தப் பக்கம் ரமணன் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. இன்னும் எத்தனையோ கிழமை கடக்க வேண்டும், பாரம் தூக்க வேண்டாம், குளிசையை விடவேண்டாம் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். நான் அந்தச் சிமிட்டலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவர் இல்லை, கதவு இல்லை. வெறுங்குழாய், யோகம்.

திரும்பி வரும் பஸ்ஸில் தர்சினி என் பக்கத்தில் வந்து இருந்தாள். ரமணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு தரிப்பிடம் போன பிறகு, யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்பா, இப்ப அதுக்கு எத்தினை அறை இருக்கும்?”

“நான் எங்கை மோனை அந்தப் பக்கத்துக்குப் போனனான்? இன்னும் வளைவிலைதான் நிக்கிறன்.”

“கெதியா வாசியுங்கோவன்.”

“மாமா வாசிச்சு முடிக்கேக்கை பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்,” என்றான் ரமணன். இதற்கு மட்டும் அவனுக்கு உடனே மூளை ஓடுகிறது.

“நீரே வாசியும் தம்பி, புத்தகம் மேசையிலை கிடக்கு.”

“இல்லை,” என்றாள் தர்சினி. “அப்பா வாசிக்கட்டும். நான் பக்கத்திலை இருந்து கேக்கிறன்.”

இப்படி ஒரு வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இன்று காலை இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். முதல் சொல்லே ‘இதயவறைப்பிரிசுவர்’. அதைத் தாண்டத் தேநீர் ஆறிப்போனது. நான் இங்கே அந்தச் சுவரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன், அது அங்கே அதே சுவரைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கிழவன் பின்னால் வருகிறான், கொஞ்சம் நிற்போம் என்று அது நிற்கப்போவதில்லை. எனக்காக அது நிற்கவும் வேண்டாம்.

வாற கிழமைக்குள் இந்தப் பக்கத்தை எப்படியாவது முடித்து, நாலு அறையும் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று அவளுக்குத் தடக்காமல் வாசித்துக் காட்டுவேன். காட்டிய அன்றே உமக்கும் எழுதுவேன். பிந்தினால் ஏசும்.

உம்முடைய மனுசன்,
பொன்னுத்துரை