அரியண்டம் என்ற சொல்லைப் பற்றி அண்ணைக்கு

உரும்பிராய்,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்பு மகன் சயந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், நோர்வேக் குளிரிலும் நீ சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. அண்ணை, இதுவரை அம்மா சொன்னது, எழுதுவது தங்கச்சி சாருஜா. உங்களோடு கதைப்பதில்லை என்று அம்மா முடிவெடுத்துவிட்டதால், தன் கையால் எழுதுவதும் கதைப்பதுதான் என்று என்னைப் பிடித்து மேசையில் இருத்தியிருக்கிறார். அம்மா சொல்வதையும், 'உதை எழுதாதை' என்று சொல்வதையும் சேர்த்து, நடந்தது நடந்தபடி உண்மையாகப் பதிவு செய்வேன் என்று உறுதி கூறுகிறேன்.

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, வெங்காயப் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது, அப்பாவின் முழங்கால் நோ குறைவு, நீ காலுக்கு இரண்டு சோடி சொக்ஸ் போடு, வெறும் பாணைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே. இவ்வளவும் அம்மா சொன்னது. பிறகு, 'என்னை அரியண்டம் எண்டவனுக்கு ஏன் உதெல்லாம், வெட்டு' என்றார். நான் வெட்டவில்லை. அண்ணை, பன்னிரண்டு நாளைக்கு முன் அம்மா விடிய ஆறு மணிக்குப் போன் எடுத்து, 'சாப்பிட்டாயோ' என்று கேட்டபோது உங்களுக்கு நடுச்சாமம் ஒன்றரை. நீங்கள் நித்திரை வெறியில், 'ஐயோ அம்மா, உங்கடை போன் பெரிய அரியண்டம்' என்றது பெரிய குற்றமில்லை. ஆனால் போன் ஸ்பீக்கரில் கிடந்தது, முதல்நாள் வந்து தங்கிய அரியாலைச் சுவர்ணா மாமி பக்கத்தில் இருந்தார். 'பெத்த தாயைச் சொல்லுற சொல்லே உது?' என்று கேட்டுவிட்டு மாமி இன்னொரு தேத்தண்ணியும் வாங்கிக் குடித்தார். அன்றைக்கு நீங்கள் ஒன்பது தரம் எடுத்தீர்கள், அடுத்த நாள் நாலு, பிறகு நாளுக்கு ஒன்று. அம்மா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நேற்று நீங்கள் எடுக்கவேயில்லை. 'உந்தப் போன் பழுதோ எண்டு பார்' என்றார் அம்மா. பழுதில்லை என்றேன். 'வடிவாப் பார்' என்றார். இரவு சாப்பிடவும் இல்லை. (இதை எழுத வேண்டாமாம்.) இனி நீங்கள் எடுக்கவே மாட்டீர்களோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது.

அந்தச் சொல்லை விசாரிப்பது என் கடமை என்று இந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன். தாங்கமுடியாத தொல்லைக்கு நாங்கள் அரியண்டம் என்கிறோம். முதலில், அம்மா ஒரே நாளில் எதையெல்லாம் அப்படிச் சொல்கிறார் என்று கொப்பியில் குறித்தேன். அப்பாவின் றேடியோ, மிளகாய்க் கன்றைக் கொத்தும் மயில், நான் சாப்பிடும்போது புத்தகம் பிடிப்பது, மழை, மழை விட்டதும் அடித்த வெயில், மறுபடியும் அப்பாவின் றேடியோ. அப்பா பாவம், நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடம் போகவில்லை, 'வீடு விறைச்சுப்போய்க் கிடக்கு' என்று அம்மாவே போய்ப் போட்டார். அடுத்ததாகப் பள்ளிக்கூட நூலகத்தில் மட்டை கழன்ற பழைய அகராதியைப் பார்த்தேன். அரிகண்டம் என்று ஒரு சொல் இருக்கிறது. சில அடியார்கள் கழுத்தில் மாட்டிக்கொண்ட இரும்பு வளையமாம், தொல்லை என்றும் பொருளாம். அதுதான் அரியண்டம் என்று மாறியிருக்கலாம் என்று நமசிவாயம் சேர் சொன்னார். 'இருக்கலாம்' என்பதை அடிக்கோடிடவும் சொன்னார். அடிக்கோடிட்டேன்.

இதை இன்றைக்கு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, 'ஆரும் பிடிச்சுப் பூட்டினதோ?' என்று கேட்டார். இல்லையம்மா, தாங்களாகவே விரும்பிப் போட்டது என்றேன். 'பிறகு கழட்டினவையோ?' என்றார். அது புத்தகத்தில் போடவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அம்மா இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார். 'கழட்டியிருக்க மாட்டினம்' என்றார். அப்பா முற்றத்தில் நின்றபடி, 'இரும்பெண்டால் துருப்பிடிச்செண்டாலும் விழும், உது விழாது' என்றார். அம்மா எறிந்த வெங்காயத்தோல் அப்பாவின் தலை வரை பறந்தது. பன்னிரண்டு நாளில் அம்மா சிரித்தது அப்போதுதான். கொப்பியையும் எடுத்து மேசையில் வை, கடதாசி எழுதுவோம் என்று சொன்னதும் அதன் பிறகுதான்.

இனி அம்மா சொல்வது. நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீ நூறு வயது இருக்க வேண்டும். இனி உனக்கு விடிந்து ஏழு மணியான பிறகுதான் எடுப்பேன். ஆனால் முதலில் நீதான் எடுக்க வேண்டும், அதை மறக்காதே. சொக்ஸ் இரண்டு சோடி.

இப்படிக்கு,
உன் அரியண்டமான அம்மா,
கு. உதயகலா.

அண்ணை, அந்த அடைமொழி அம்மாவே சொன்னது, நான் சேர்த்ததில்லை. அம்மா கையெழுத்து வைத்துப் பேனையைத் தரும்போது போன் அடிக்கிறது. உங்கள் படம் தெரிகிறது. அம்மா ஓடிப்போய் லைற்றை நூர்த்துவிட்டார், வீட்டில் ஆளில்லை என்று நீங்கள் நினைக்க வேண்டுமாம். 'அம்மா, எங்கடை லைற் நோர்வேக்குத் தெரியாது' என்றேன். 'நீ வாயைப் பொத்து' என்கிறார். போன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணல் என்றால் பொறுத்துக்கொள்ளவும். அம்மாவின் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. தொட்டுவிட்டார். போன் காதுக்குப் போய்விட்டது, இனி எழுத வெளிச்சமில்லை. லைற் நூர்த்தபடியே இருக்கிறது.