டிசம்பர் பதின்மூன்று

திகுவானா, நவம்பர் மாதம், திங்கள் காலை

அன்புள்ள எவுலாலியா,

நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் முதுகுவலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன், எரிச்சலைத் தவிர.

குடியை விட்டவர்கள் கூடும் இடத்தைத் தேடி மூன்று ஞாயிறு அலைந்தேன். தெரியாது என்று சொல்ல இங்கேயும் ஒருவருக்கும் வாய் வராது. ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். சரியான வழி சொன்னவன் சாராயக்கடைக்காரன்! "என் பழைய ஆளுங்க எல்லாம் அங்கதானே இருக்காங்க" என்று சிரித்தான். வாசலில் நின்றுதான் கேட்டேன், நம்பு.

மாதா திருநாளான டிசம்பர் பன்னிரண்டு வரை குடிப்பதில்லை என்று கோயிலில் சத்தியம் செய்தேனே, அப்போது எழுதிக் கொடுத்த அட்டையைக் கூட்டத்தில் பெருமையாகக் காட்டினேன். மீன் விற்கும் நிக்கானோரா, "சரிண்ணே, பதிமூணாந்தேதி என்ன பண்ணுவீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோபத்தில் எழுந்துவிட்டேன். "உக்காருங்கண்ணே, நாங்களும் அட்டை வச்சிருந்தவங்கதான்" என்றாள்.

நீ இதையே கேட்டபோது கதவை அறைந்து சாத்திவிட்டுப் பஸ் ஏறினேன். நேற்று உட்கார்ந்தேன்.

அங்கே அவரவர் காப்பிக் குவளை ஆணியில் தொங்குகிறது. எனக்கு மட்டும் விருந்தாளிக் குவளை. என் நீலக் குவளையை அனுப்பு. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. குவளை டிசம்பர் பன்னிரண்டுக்குள் வந்தாக வேண்டும்.

உன்
ஃபிதென்சியோ