கோளாறு ஜீப்பிலேயே இருக்கட்டும்

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார்: "ஜீப்புக்கு என்னவாம்?"

"பிளக் வயர எலி கடிச்சிருச்சும்மா. மாத்தியாச்சு, நல்லா ஓடுது" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் கியர் ஏன் கரகரத்தது என்பதை நான் சொல்லவில்லை, சித்தி. உங்களிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

இன்று மதியம் எங்கள் தீவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தில் சோற்றுப் பொட்டலத்தோடு சாலையைக் கடக்க நின்றிருந்தேன். வெங்காய மூட்டை ஏற்றிய பழைய வேன் ஒன்று சிவப்பு விளக்கில் உதறிக்கொண்டு நின்றது. மூன்று துடிப்பு, பிறகு ஒரு விக்கல். மறுபடியும் மூன்று துடிப்பு, ஒரு விக்கல். எரியாத பெட்ரோலின் வாடை முகத்தில் அடித்தது. ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். பச்சை விழுந்து வேன் போய், மறுபடி சிவப்பு விழுந்த பிறகும் நான் கடக்காமல் நின்றதைப் பார்த்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

தாசேக் கெலுகோரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் நீங்கள் தாதியாக இருந்த காலத்தில் உங்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நீங்கள் 'மிஸி'தான். ரப்பர் மரங்களுக்கு இடையே செம்மண் பாதையில் அந்த ஜீப் வரும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து ஓடுவார்களாம். தோட்டத்து மருந்தகத்தை மூடியபோது ஜீப்பை உங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். நீங்களோ அதை ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கு மாறினீர்கள். அதன் மேல் இலை விழுந்து மக்கியது. கோழி ஏறி உட்கார்ந்தது. பள்ளி விடுமுறைகளில் நான் அதன் பின்னிருக்கையில் சுருண்டு படுத்துப் புத்தகம் படிப்பேன். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைக்காத கதவு அந்த ஜீப்பில் இருந்தது. சாப்பிடக் கூப்பிடும்போதுகூட நீங்கள் அந்தக் கதவைத் தட்டிவிட்டுத்தான் கூப்பிடுவீர்கள்.

பிறகு ஒரு வருடம் சைக்கிளை விட்டுவிட்டீர்கள். முட்டி வலி என்றீர்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

"சைக்கிளும் மிதிக்க முடியல. வண்டியும் ஓடாது. அந்தக் காட்டுல தனியா கெடந்து என்னடி செய்யப் போற? இங்க வந்திரு."

"ஒரு வாரம் பொறு. வண்டி சரியாச்சுன்னா நான் எங்கயும் வரமாட்டேன். சரியாகலன்னா நீ சொன்னபடி கேக்குறேன்" என்றீர்கள்.

அக்காளும் தங்கையும் அப்படித்தான் முடிவுகளை எடுத்தீர்கள். சந்தையில் மீனுக்குப் பேரம் பேசுவதுபோல. எங்கள் வீட்டு முன்னறையை அம்மா மறுநாளே கழுவிவிட ஆரம்பித்தார். உங்களுக்கு அந்த அறை பிடிக்காது என்று எனக்குத் தெரியும். அதற்குக் கதவு இல்லை, திரைதான்.

பட்டறைக்குக் கூட வா என்று என்னை அழைத்தீர்கள். நீங்கள் யாரையும் துணைக்குக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நான் ஃபெரியில் கடலைக் கடந்து வெளியே வந்தபோது, புது பேட்டரி போட்டு நீங்கள் எப்படியோ ஓட்டிவந்த ஜீப் பட்டர்வொர்த்தில் நின்று இருமிக்கொண்டிருந்தது. மாக் மண்டின் பட்டறைக்குப் போய்ச் சேரும்வரை வழியெல்லாம் உதறல். கியர் மாற்றும்போதெல்லாம் தகரத்தை அரத்தால் இழுப்பதுபோல ஒரு சத்தம்.

பட்டறையில் வண்டி பழுதுபார்க்கும் போமன் மணியம் உங்கள் தோட்டத்துப் பிள்ளை. அப்போது அவருக்கே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"மிஸி! இன்னும் இத வித்துத் தொலைக்கலியா?"

"உனக்கு ஊசி போட்ட கை இன்னும் இருக்கு மணியம். வாய அடக்கு."

அவர் எஞ்சினை ஓடவிட்டுக் கையில் துணி சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் வயரைக் கழற்றியதும் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுதான் மிஸி. கழட்டினாலும் ஒண்ணுதான், மாட்டினாலும் ஒண்ணுதான். சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குது."

வயரின் அடிப்பக்கத்தை எலி கடித்திருந்தது. பிளக்கில் கரி அப்பியிருந்தது. இரண்டையும் மாற்றியதும் ஜீப் சீராக உறுமத் தொடங்கியது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அம்மாவின் முன்னறை கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

கியர் மிச்சமிருந்தது. கிளட்ச் எண்ணெயை நிரப்பி, குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, மணியம் அண்ணன் நம் இருவரையும் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைகளைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. "நான் ஓட்டிப் பாக்குறேன்" என்று இடம் மாறினீர்கள். முதல் கியருக்கே கரகரப்பு. அவர் இறங்கி ஏதோ திருகினார். மறுபடி அவர் ஓட்டினார், சத்தமில்லை. நீங்கள் ஓட்டினீர்கள், அரம்.

அப்போதுதான் பார்த்தேன். உங்கள் இடது கை தொடைக்குப் போனது. சேலையைச் சரிசெய்கிறீர்கள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, முழங்காலைக் கையால் அழுத்திக் கிளட்சை இறக்கினீர்கள். அதே கைதான் கியரையும் மாற்ற வேண்டும். முழங்காலை விட்டுக் கியரைப் பிடிக்கும் அந்தச் சிறு இடைவெளியில் பெடல் மேலே எழும்பிவிட்டது. கால் அதை அடியில் நிறுத்தி வைக்கவில்லை.

உங்கள் பக்கத்து இருக்கையில் இருந்த மணியம் அண்ணனும் பார்த்தார் என்பது, அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதில் எனக்குப் புரிந்தது.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள்.

"பழைய கியர்பாக்ஸ் லா மிஸி. கொஞ்சம் சத்தம் போடத்தான் செய்யும். இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓடும்" என்றார் அவர்.

"நீ ஓட்டுறப்ப அது பழசு இல்லையா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். சுத்தமான கையை.

"மூணாவது வயரக் கழட்டிப் பாத்துத்தானே அதுதான் கோளாறுன்னு சொன்ன? இப்ப என்னைக் கழட்டினா சத்தம் நிக்குது. மாட்டினா வருது. அப்ப கோளாறு எதுல?"

பக்கத்துத் தொழிற்சாலையில் இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். நீங்கள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்கு ரெண்டு மாசமா தெரியும். தாதியா எத்தன பேரு கால நான் தட்டிப் பாத்திருப்பேன். ஆனாலும் கோளாறு வண்டியிலதான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் இங்க வந்தேன்."

"மிஸி, சின்ன வயசுல ஊசி போடுறப்ப வலிக்காதுன்னு சொல்வீங்க" என்றார் மணியம் அண்ணன். "வலிக்கும். ஏன் பொய் சொன்னீங்கன்னு நாங்க வந்து கேட்டோமா?"

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "அப்ப கணக்கு சரி. எறங்கு."

பிறகு சாவியை என் பக்கம் நீட்டினீர்கள். "லைசன்ஸ் எடுத்து அலமாரியிலயா வச்சிருக்க? வா முன்னால."

நான் அதுவரை ஜீப் ஓட்டியதில்லை. முதல் கியர் போட்டபோது கரகரவென்று பட்டறையே திரும்பிப் பார்த்தது. "இங்க பாரு, ஒனக்கும் கால் போச்சு" என்றீர்கள். தாசேக் கெலுகோர் வரும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரம்புத்தான் மரத்தடியில் வண்டியை நிறுத்திய பிறகு நீங்கள் இறங்க வெகுநேரம் ஆனது. கை கொடுக்கலாமா என்று யோசித்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழிகளை எண்ணுவதுபோல.

இப்போது எங்கள் அலுவலகத்தில் யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால் நான் திருப்பிக் கேட்பதில்லை. அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, எது பாரமாகத் தெரிகிறதோ அதைப் பேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறேன். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை.

பட்டறைக்குப் போன அந்த நாளுக்குப் பிறகு சனிக்கிழமைதோறும் நான் ஃபெரி ஏறி வந்து உங்களைச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஜீப்பில் கூட்டிப்போனேன். வண்டி ஓடுகிறது என்பதால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நரம்பு நோய் என்றார் டாக்டர். தீபாவளிக்குப் பிறகு வலது காலும் வலுவிழந்தது. நீங்களே அம்மாவுக்கு டெலிபோன் செய்து சொன்னீர்கள். பொங்கல் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். அந்த வருடம் மழைக்காலம் தொடங்கும் முன்பு, ஒரு காலையில், முன்னறையில் இறந்துபோனீர்கள்.