கை நனைக்காத ஞாயிறு

ஆகஸ்ட் 19, 2025 – செவ்வாய்

ஆடி முடிந்த கையோடு ஆரம்பித்துவிட்டார்கள். மருந்துக்கடையில் புதுச் சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன், அம்மாவிடமிருந்து போன். கடை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். பதறிப்போய் எடுத்தால், "ஜாதகம் பொருந்திருச்சாம்டி" என்கிறாள்.

அறந்தாங்கிக்காரர். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் மெக்கானிக். பெயர் உதயசூரியன். கூட வேலை பார்க்கும் பாசிலா பெயரைக் கேட்டதும் சிரித்தாள். "மாமனார் எந்தக் கட்சின்னு கேக்கவே வேண்டாம் போ."

போட்டோவில் சிரிக்காமல் நிற்கிறார். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிகிறதா?

ஆகஸ்ட் 21, வியாழன்

பெண் பார்க்க வீட்டுக்கு வரப்போவதில்லையாம். அவரே தரகரிடம் சொல்லியிருக்கிறார்: "பலகாரத் தட்டோட அவங்கள நிக்க வைக்க வேணாம். பொதுவான எடத்துல ரெண்டு குடும்பமும் ஒரு நாள் போயி வருவோம். புடிக்கலைன்னா யாருக்கும் சங்கடம் இல்ல."

முன்பு இரண்டு முறை தட்டோடு நின்றவள் நான். இரண்டாவது முறை வந்தவர் கேசரியைப் பார்த்த அளவுக்குக்கூட என்னைப் பார்க்கவில்லை. அதனால் இந்தச் செய்தியைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். முகத்தை யாருக்கும் காட்ட முடியவில்லை.

வருகிற 31, ஞாயிறு. சித்தன்னவாசல். மலையைப் பார்த்துவிட்டு மதியம் புதுக்கோட்டைக்குத் திரும்பி, பைபாஸ் பக்கம் இருக்கிற ஏசி ஹோட்டலில் சாப்பாடு. ஹோட்டலைச் சொன்னது அவருடைய அக்கா அமராவதி.

அப்பா உடனே சொல்லிவிட்டார். "நம்ம ஊருக்கு வர்றாங்க. சாப்பாட்டுச் செலவு நம்மளுதுதான்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

மயில்கழுத்து நிறச் சேலையா, மாம்பழ நிறமா? ஒரு மணி நேரம் போய்விட்டது இதிலேயே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அந்த ஹோட்டலை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா தன் ஆட்டோவில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். இடம் சொல்லி வைக்கவேண்டும், பெரிய கூட்டமாக வருகிறார்கள் அல்லவா. உள்ளே நல்ல குளிர். சுவரெல்லாம் விளக்கு. மெனு அட்டையைக் கையில் கொடுத்தார்கள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நான் டிப்ளமா முடித்தபோது நாங்கள் மூன்று பேரும் ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டோமே, அன்றைய மொத்தச் செலவு இங்கே ஒரு ஆளின் இலைக்குக்கூடக் காணாது. பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்பார்கள், ஜூஸ் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

"எத்தனை பேருங்கய்யா?" என்று டை கட்டியிருந்த ஆள் கேட்டார். அப்பா, "போன்ல சொல்றோம் தம்பி" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோ ஓட்டிக்கொண்டே பேசினார். "மொதல்லாம் ஞாயித்துக்கெழமை குடும்பம் குடும்பமா ஏத்திக்கிட்டுப் போயி ஓட்டல் வாசல்ல எறக்குவேன் பாப்பா. இப்ப கோயில்ல எறக்குறேன், பார்க்குல எறக்குறேன். பசி நேரமானா வீட்டுக்கே திருப்பச் சொல்லிடுறாக. நான்கூட எதுக்குன்னு யோசிச்சது இல்ல."

வீட்டில் அம்மா, "நகைச்சீட்டுக்கு எடுத்து வச்சதுல பாத்துக்குவோம்" என்றாள். பிடிக்குமா பிடிக்காதா என்றே தெரியாத ஒரு ஆளோடு உட்கார்ந்து சாப்பிட இவ்வளவா? இது என்ன நியாயம்?

ஆகஸ்ட் 25, திங்கள்

பாசிலாவிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் அசரவில்லை. "எங்க வீட்ல எங்க போனாலும் அத்தாவும் அம்மாவும் 'வயிறு சரியில்ல, நீங்க சாப்பிடுங்க'ம்பாங்க. ரொம்ப நாளு நெசமாவே வயிறு சரியில்லன்னு நினைச்சு மாத்திரையெல்லாம் வாங்கிக் குடுத்திருக்கேன் நானு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு, "அவரு நம்பர் இருக்குல்ல? கூப்பிட்டுச் சொல்லு" என்றாள்.

சொல்வதாவது. முதல் போனே இப்படியா?

சாயங்காலம் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று கூப்பிட்டேன். வணக்கம் சொன்னேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. நேராகச் சொல்லிவிட்டேன். "ஹோட்டல் வேண்டாங்க. எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்க சமைச்சு எடுத்துட்டு வர்றோம்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு. போட்டோவில் அடக்கி வைத்திருந்தாரே, அது.

"எங்க வீட்லயும் ரெண்டு நாளா இதே பேச்சுதாங்க. கூட்டமா நாங்க வர்றோம், பில்லை நாமதான் குடுக்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டு இருக்கார். அக்கா ஏற்கெனவே அங்க ஒரு தடவ சாப்பிட்டிருக்கு. அந்தப் பில்லைப் பத்தி மச்சான் இன்னும் பேசி முடிக்கல."

"அப்புறம் ஏங்க அந்த ஹோட்டலைச் சொன்னாங்க?"

"டவுன்காரங்க நீங்க, சாதாரண எடம்னா கௌரவக் குறைச்சலா நினைப்பீங்கன்னு."

நானும் சிரித்துவிட்டேன். கடைக்குள் வந்தபோது பாசிலா என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கஸ்டமர் இருமல் மருந்து கேட்டார், நான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துக்கொண்டே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று தெரியும். ஆனால் அவள் திட்டியது வேறு காரணத்துக்கு.

"கூறுகெட்டவளே, பேச்சு முடியிறதுக்கு முன்னாடி சம்மந்தி வீட்டுச் சோத்துல கை நனைப்பாகளா? நனைச்சா சம்மதம்னு அர்த்தம்டி. அதுக்குத்தான பொதுவா ஓட்டல்னு வச்சாக."

இது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. ஓட்டல் சோறு யார் வீட்டுச் சோறும் இல்லை. நாங்கள் சமைத்துக் கொண்டுபோனால் அது எங்கள் வீட்டுச் சோறு. கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமே.

அவருக்கு மெசேஜ் போட்டேன். அவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். ராஜலட்சுமி அத்தை சொன்னது ஒரே வரி: "சாப்பாட்டை அங்கிட்டுப் போயி பாத்துக்கலாம்."

இதற்கு என்ன அர்த்தம்? அம்மா, "புடி குடுக்காத பொம்பள" என்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

அரிசி, புளி, உளுந்து எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. மாம்பழ நிறச் சேலை. தூக்கம் வரப்போவதில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கை இன்னும் புளி மணக்கிறது. எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

விடியும் முன்பே நானும் அம்மாவும் அடுப்பைப் பற்ற வைத்தோம். புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், உளுந்த வடை, சேமியா பாயசம். ஆட்டோவின் பின்சீட்டில் சட்டிகளுக்குத்தான் இடம். நானும் அம்மாவும் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு போனோம். சேலை கசங்கியது, கவலைப்படவில்லை.

அவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அவருடைய அப்பா முத்துராமன் மாமா, ராஜலட்சுமி அத்தை, அமராவதி அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம், ஓடிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள். கடைசியாக அவர். போட்டோவைவிடக் கறுப்பு. போட்டோவைவிட நல்லா இருந்தார், எழுதிவிடுகிறேன்.

மலை ஏறும்போது எங்கள் இருவரையும் பின்னால் விட்டுவிட்டு எல்லோரும் வேகமாக நடந்தார்கள். முத்துராமன் மாமாவுக்கு மூட்டு வலியாம், அவரே எங்களைத் தாண்டிப் போனார்.

நான் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன். "கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்குப் போகணும்."

"போங்க."

"எங்க போறது? நீங்க அறந்தாங்கி. கடை இங்க."

அவர் நின்றுவிட்டார். பாறைச் சூடு செருப்பைத் தாண்டி ஏறியது. "தெரியலங்க" என்றார். "யோசிச்சுத்தான் சொல்லணும். சும்மா ஏதாவது சொல்லி வைக்க விரும்பல."

அந்தத் 'தெரியல' எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தெரியல என்பது பதில் இல்லையே. குகைக்குள் ஓவியத்தைக் காட்டினார்கள், தாமரைக்குளமாம். நான் எதைப் பார்த்தேன்.

கீழே வேப்பமரத்தடியில் விரிப்பை விரித்து அம்மா சட்டிகளைத் திறந்தாள். வாசனைக்குப் பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒருவர் கையும் நீளவில்லை. எல்லோரும் ராஜலட்சுமி அத்தையைப் பார்த்தார்கள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். அப்பா வாழையிலையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அமராவதி அக்கா மெதுவாக, "வேணும்னா அந்த ஓட்டலுக்கே…" என்று ஆரம்பித்தார். அம்மா முகம் செத்துப்போனது.

அப்போது அத்தை எழுந்து, "ஆத்தா, இங்கிட்டு வா" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

"எம்மகனை ஒனக்குப் புடிச்சிருக்கா? எனக்காகச் சொல்லாத."

நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கை நனைச்சா பேச்சு முடிஞ்சுதுன்னு ஆகிப்போகும். ஒங்கப்பா சந்தோசப்படுவாரு, எங்க வீட்டுக்காரரும் சந்தோசப்படுவாரு. அப்புறம் ஒன்னைய யாரு கேக்கப் போறா? என்னையக் கேட்டதில்ல. வெத்தல மாத்துனதுக்கப்புறம்தான் எனக்கே சேதி வந்துச்சு. அதான் ஒன்னையக் கேட்டுட்டு ஒக்காருவோம்னு இருந்தேன்."

இப்படி ஒருவர் என்னிடம் கேட்டதே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபம். மரத்தடியில் அத்தனை பேர் பசியோடு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"புடிச்சிருக்கு அத்தை. ஆனா என் வேலை என்ன ஆகும்னு தெரியாம முடிவு சொல்ல முடியல. கொஞ்ச நாளு வேணும்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அத்தை தலையை ஆட்டினார். கோபமா இல்லையா தெரியவில்லை. திரும்பிப் போய், "உண்ணாமலை" என்று என் அம்மாவைப் பெயர் சொல்லி அழைத்தார். "புள்ளைங்களுக்கும் ஆம்பளைகளுக்கும் போடு. வெயில்ல வந்ததுக பசி தாங்காது. அதுக சாப்பிடுறது கணக்கு இல்ல. நாம ரெண்டு பேரும் இன்னொரு நாளு சாப்பிடுவோம்."

கணக்கு இல்லை என்றதும் ஒருவரும் தயங்கவில்லை. வடை முதலில் தீர்ந்தது. அமராவதி அக்காவின் கணவர் மூன்றாவது தடவை புளியோதரை போட்டுக்கொண்டு, "அந்த ஓட்டல்ல இதுல பாதி வைப்பான்" என்றார். அக்கா அவரை முறைத்தார்.

அத்தை சாப்பிடவில்லை. அதனால் அம்மாவும் சாப்பிடவில்லை. வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவிடம் அத்தையே காசு கொடுத்து வாங்கி, ஒன்றை உடைத்து பாதியை என் அம்மாவிடம் நீட்டினார். இரண்டு பேரும் வேப்பமரத்தில் சாய்ந்து உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டு கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். நானும் சாப்பிடவில்லை. எனக்குப் பசியே தெரியவில்லை.

கிளம்பும்போது அத்தை சொன்னார்: "நீயும் எங்க வீட்டைப் பாக்க வா. பொண்ணு வரக்கூடாதுன்னு யாராவது சொன்னா நான் பாத்துக்கறேன்."

திருக்கோகர்ணம் திரும்பியதும் அப்பா மெல்ல, "பொம்பளைன்னா இவுகதான்" என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

அம்மாவுக்கு ஆதங்கம். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நேத்தே முடிஞ்சிருக்கும்." தப்பு செய்துவிட்டேனோ? இல்லை. தப்பு இல்லை. ஆனால் போனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மெசேஜ் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

கடை திறந்து ஷட்டரை முழுதாக மேலே தள்ளவில்லை, வெளியே ஒருவர் நிற்கிறார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உதயசூரியன்.

"ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு குடுங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாசிலா உள்ளே போய் இல்லாத சரக்கைத் தேட ஆரம்பித்தாள்.

"இன்னைக்கு லீவு போட்டேன். அறந்தாங்கியிலேர்ந்து காலை பஸ்ல ஏறிப் பாத்தேன். சனிக்கெழமையும் வந்தேன், நீங்க பாக்கல. உக்கார எடம் கெடைக்கல, ரெண்டு நாளும் நின்னுக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா கடை தொறக்கற நேரத்துக்கு வந்து சேந்துருது. சாயங்காலம் திரும்புற பஸ்ஸும் பாத்துட்டேன். மழைக்காலத்துல எப்படின்னு தெரியல. அத வந்துதான் பாக்கணும்."

மூச்சு விடாமல் சொன்னார். பொய் கலக்காத ஒரு பஸ் டைம் டேபிள். இதைவிட அழகாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

"சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து உங்களக் கூப்பிட எங்க அம்மா சைக்கிள்ல வருமாங்கறதை மட்டும் இன்னும் கேக்கல" என்றார். சைக்கிளா? அத்தையா? இரண்டு பேருக்கும் சிரிப்பு.

ஓஆர்எஸ்ஸுக்குக் காசை வைத்துவிட்டுத்தான் போனார். உள்ளேயிருந்து பாசிலா, "கொஞ்சம் கரைச்சு நீயும் குடி" என்றாள்.

செப்டம்பர் 11, வியாழன்

அப்பாவிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி போகலாம் என்று. ஆட்டோவைக் கழுவ இப்போதே இறங்கிவிட்டார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அறந்தாங்கி. ஓட்டு வீடு, முன்னால் ஒரு முருங்கை. நுழைந்ததும் எங்கள் மூன்று பேருக்கும் இலை போட்டுவிட்டார்கள். அவர் விடியலில் ஜெகதாப்பட்டினம் போய்க் கொடுவா மீன் வாங்கி வந்திருந்தார். அப்பா என்னைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மீன் குழம்பு நல்ல உறைப்பு. இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.