ஒரு குறையுமில்லை

முகாம், பருத்தித்துறை

அன்பு மகள் ஷரோனுக்கு,

நீ சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்களும் சுகம் என்று இந்த முறை எழுதமாட்டேன், ஏனென்று போகப்போகத் தெரியும். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, உன் அண்ணை ஜெரிசன் கடலுக்குப் போகாமல் கொட்டிலில் கிடந்து என்னோடு சண்டைக்குக் கொளுவுகிறான், அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை. பக்கத்துக் கொட்டில் தியாகராசா அண்ணை போன கிழமை செத்துப்போனார். நீ மனிதப் பாதுகாப்பும் மீண்டெழுதலும் படிக்கப் போகிறாய் என்றதும், "பாதுகாப்பு வலயம் எண்டு ஆமிக்காரர் கம்பி அடிச்சுத்தானே எங்களைத் துரத்தினவங்கள், அதைப் படிக்க நோர்வேக்கே போகவேணும், இஞ்சை வேலியடியிலை நிண்டாப் போதாதோ" என்று பகிடி விட்டவர். கம்பிக்கு அங்காலே கிடக்கும் தன் காணியை மிதிக்காமலே போய்விட்டார்.

செத்தவீட்டுக்கு ஜெயசுதன் வந்தான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆராய்ச்சி என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் கொட்டிலுக்கு வந்தவன். அப்போது தேத்தண்ணி கொடுத்தேன். "எப்பிடி அக்கா இருக்கிறியள்" என்றான். "ஒரு குறையுமில்லைத் தம்பி" என்றேன். வாசலுக்கு வந்தவனிடம் வேறு என்ன சொல்வது? அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான், அது உபசாரம் என்று தெரியும். தெரிந்துகொண்டே, இந்தச் சனம் இருக்கிற இடத்துக்குப் பழகிவிட்டது, திரும்பிப்போக அவசரப்படவில்லை என்று எழுதினான். எங்கள் காணிகளைத் திருப்பி விடுகிறதைப் பற்றிய கூட்டத்தில் அதைத்தான் வாசித்தார்கள். அக்கம்பக்கமெல்லாம் விட்டார்கள், எங்கள் துண்டு இன்னும் கம்பிக்குள்ளே. அந்த ஆராய்ச்சிக்கு அவனுக்குக் கலாநிதிப் பட்டம்.

இப்போது எங்கள் தாங்குதிறனைப் பற்றி உங்கள் பல்கலைக்கழகத்தில் பேச வருகிறானாம். "மகளுக்கு ஏதும் குடுத்துவிடுறியளோ அக்கா" என்று செத்தவீட்டிலேயே கேட்டான், கொஞ்சமும் கூச்சமில்லை. ஓம் தம்பி என்றேன். தட்டைவடையும் மிளகாய்த்தூளும் கட்டி, நடுவில் இந்தக் கடிதத்தை வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரித்து வாசித்தாலும் நல்லது, பயணம் முழுக்கப் பதிலை யோசித்துக்கொண்டு வரட்டும்.

பார்சலை வாங்கி நன்றி சொல்லு. அவன் பேசி முடியும்வரை பொறு. பிறகு எல்லோருக்கும் முன்னால் எழும்பி, அவர்கள் மொழியிலேயே கேள், ஒரு குறையுமில்லை என்பது எங்கள் ஊரில் வந்தவர்களுக்குச் சொல்கிற வார்த்தை என்று உங்களுக்குத் தெரியாதா என்று. தெரியாது என்றால் அவன் படித்தது பொய், தெரியும் என்றால் எழுதியது பொய். உன் பேராசிரியர்கள் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். மன்னிக்கச் சொல்லிச் சுவாமியார் பிரசங்கம் வைக்கிறார், காணியை விடட்டும், மன்னிக்கிறேன்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாதா உன்னோடு இருப்பா. எல்லாம் முடிந்தபிறகு அவனுக்கும் இரண்டு வடை கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மறந்துவிடாதே. ஒரு குறையுமில்லை என்றுதான் சொல்வான். அதை அப்படியே எழுதிக்கொள்.

உன் அம்மா
மரியநாயகி